எடுக்காமல் விட்ட சிரிப்பு

நீலரேகா முதன்முதலாகச் செத்தது ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். அதுவரை ஐந்து படங்களில் ஆடியிருந்தாள், பாடியிருந்தாள், இரண்டில் ஆற்றில் விழுந்து கதாநாயகனால் காப்பாற்றப்பட்டிருந்தாள். சாவு மட்டும் வாய்க்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு முகமெல்லாம் மஞ்சள் பூசி, நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்து, மூக்கில் பஞ்சு அடைத்து, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, தாடையை வெள்ளைத் துணியால் தலையோடு சுற்றி ஒரு பின் குத்திப் பாடையில் கிடத்தியவள் ஹேர்டிரஸர் ரோசலின். தலை வாருவதுதான் ரோசலினின் வேலை, பிணம் கட்டுவது அல்ல. ஆனால் மேக்கப்மேன் 'என் கையால் மாட்டேன்' என்று ஒதுங்கிக்கொள்ள, மாதா கோயிலுக்குப் போகிற பொம்பளையை எமன் என்ன செய்துவிடப்போகிறான் என்று அந்த வேலையையும் அவளிடமே தள்ளிவிட்டார்கள்.

கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த செண்பகவல்லிதான் கோடம்பாக்கத்துக்கு வந்து நீலரேகா ஆனவள். மற்ற எல்லாரும் அவளை 'அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்த பிறகும் ரோசலின் மட்டும் பாப்பா என்றே கூப்பிட்டாள், அவளும் ரோசக்கா என்றே கூப்பிட்டாள். வந்த புதிதில் அவள் தலை நிறையப் பேனோடு வந்ததும், மூன்று ஞாயிற்றுக்கிழமை வேப்பெண்ணெய் தேய்த்து, மடியில் கிடத்தி, ஈரும் பேனுமாக வாரியெடுத்து அந்தத் தலையைச் சுத்தம் செய்தவள் ரோசலின் என்பதும் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கூடப் பிறந்த தங்கச்சியைக்கூட ரோசலின் அப்படி மடியில் போட்டுக்கொண்டதில்லை.

சினிமாக்காரர்களுக்குக் கடவுள் பயம் கொஞ்சம் கம்மி, சகுன பயம் ரொம்ப ஜாஸ்தி. படம் முடிந்தால் பூசணிக்காய் உடைக்க வேண்டும், எலுமிச்சம்பழம் நசுக்காமல் வண்டி நகராது, முதல் ஷாட்டில் அழக்கூடாது. அதிலும் பிணமாக நடிப்பவர்களுக்கென்று ஒரு தனிச் சடங்கு உண்டு. டைரக்டர் கட் சொன்ன கையோடு பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, லென்ஸை நேருக்கு நேர் பார்த்து, வாய்விட்டு ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அதையும் ஆக்‌ஷன் சொல்லி, கேமரா ஓட்டி, கட் சொல்லி முறைப்படி எடுக்க வேண்டும். அந்தச் சிரிப்பு படத்தில் வராது, லேபில் வெட்டி எறிந்துவிடுவார்கள். ஆனாலும் அது எமனுக்குக் காட்டுகிற சாட்சி: இதெல்லாம் நடிப்புதானப்பா, ஆள் உயிரோடுதான் இருக்கிறாள், உன் பாசக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே போ என்று.

அந்த வியாழக்கிழமை, சாவு ஷாட் முடிந்ததும் பிலிமும் முடிந்துவிட்டது. கேமராமேன் கையை விரித்தார். புது ரோல் வர ஒரு மணி நேரமாவது ஆகும். டைரக்டர் திருவேங்கடத்துக்கோ அன்றைக்கு மகளுக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "சிரிப்புதானே, நாளைக்கு எடுத்துக்கலாம், எங்க ஓடிப்போவுது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். அதற்குள் நீலரேகா தாடைத் துணியைத் தானே தளர்த்தி உருவி, பஞ்சைப் பிடுங்கி எறிந்து, காலை உதறிக்கொண்டு எழுந்து வந்து, "ஏக்கா, ஒரு தம்ளர் மோர் குடுங்க, நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிருச்சு" என்றாள். மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, பூமாலையை எடுத்து வைக்கலாம் என்று பாடைப் பக்கம் திரும்பிய ரோசலின், நீலரேகா இன்னும் அதில் படுத்திருப்பதைப் பார்த்தாள்.

ஒருவரும் அலறவில்லை. மேலே பரணில் உட்கார்ந்திருந்த லைட்மேன் எட்டிப் பார்த்து, "அம்மாதான் எந்திரிச்சாச்சே, அப்ப படுத்திருக்கிறது யாரு?" என்று கேட்டார். ப்ரொடக்‌ஷன் மேனேஜர் நாயுடு வந்தார், குனிந்து பார்த்தார், மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்த்தார், கடைசியில் சேலைத் தலைப்பைத் தூக்கி ஜரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தச் சேல ஒண்ணுதானே வாங்கினோம்? இது ரெண்டாவது எப்புடி வந்துச்சு?" என்று காஸ்ட்யூமரைக் கேட்டார். காஸ்ட்யூமர் தன்மேல் தப்பில்லை என்று சத்தியம் செய்தார். "சரி, பிரேக்" என்றார் நாயுடு, எல்லாரும் சாப்பிடப் போனார்கள், வத்தக்குழம்பும் அப்பளமும் சாப்பிட்டார்கள், திரும்பி வந்தபோதும் அது அப்படியே கிடந்தது. செண்பகவல்லி மட்டும் சாப்பிடவில்லை. ரோசலினின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஏக்கா, அது என்னையவே பாத்துக்கிட்டு இருக்கா மாரி இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதன் கண்கள் மூடியிருந்தன. ஆனாலும் ரோசலினுக்கும் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகச் செண்பகவல்லி சிரிப்பதற்குத் தயாராக வந்து நின்றாள். டைரக்டர் பாடையில் கிடந்ததைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். இன்னும் ஊர்வலத்தில் மூன்று ஷாட், மயானத்தில் ஐந்து ஷாட் பாக்கி. இது மூச்சை அடக்க வேண்டியதில்லை, வெயிலில் போட்டாலும் வியர்க்காது, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் முகம் சுளிக்காது. இப்போது சிரிப்பை எடுத்து இது மறைந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது? "முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவளை ஊட்டிக்குப் பாட்டு ஷூட்டிங்குக்கு அனுப்பிவிட்டு, இங்கே அதை வைத்து எட்டு ஷாட்டையும் ஒரே நாளில் எடுத்து முடித்தார்கள். படம் இருபத்தைந்து வாரம் ஓடியது. தாய்மார்கள் கூட்டம் கூட்டமாக வந்து, அந்த மயானக் காட்சியில் மாரில் அடித்துக்கொண்டு அழுது, அடுத்த ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுத்தார்கள்.

ஓடாத படத்துக்கு ஆயிரம் காரணம், ஓடின படத்துக்கு ஒரே காரணம். சிரிப்பை எடுக்காமல் விட்டதால்தான் படம் ஓடியது என்று கோடம்பாக்கம் முழுக்க ஒரே பேச்சாகிவிட்டது. செண்டிமெண்ட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை வைத்துவிட்டால் அப்புறம் அதை அசைக்க அந்த வடபழனி ஆண்டவனாலும் ஆகாது. அதன்பின் நீலரேகாவைத் தேடி வந்த ஒவ்வொரு தயாரிப்பாளரும் மூன்று நிபந்தனையோடு வந்தார்: படத்தில் நீலரேகா சாக வேண்டும், சாவது அதுவாக இருக்க வேண்டும், சிரிப்பை மட்டும் எடுக்கவே கூடாது.

அதை எங்கே வைப்பது என்று கொஞ்ச நாள் பேச்சு நடந்தது. ஸ்டோர் ரூமில் வைக்க ஸ்டூடியோக்காரர்கள் சம்மதிக்கவில்லை. "உங்க உருவம்மா, உங்க வீட்ல இருக்கிறதுதான் மொற" என்று நாயுடு பக்குவமாகச் சொல்லி, துணிமணி வேனில் ஏற்றிச் சாலிகிராமத்தில் நீலரேகாவின் வீட்டுப் பின்கட்டு அறையில் கொண்டுவந்து கட்டிலில் போட்டார். அது கெடவில்லை, நாறவில்லை, பாங்கேக் மேக்கப் வாசனை மட்டும் லேசாக அடித்தது. தொட்டால் மண்பானைபோல் சில்லென்று இருந்தது. யூனியனில் கூட்டம் போட்டு, வசனம் பேசாததால் அதற்குத் துணை நடிகர் கார்டு போதும் என்று தீர்மானித்தார்கள். எந்தெந்த ஊரிலிருந்தோ பெண்கள் வெள்ளிக்கிழமை தோறும் வந்து, பூவோடும் பொட்டோடும் போன மகராசி என்று அதன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுத் தாலியில் வைத்துக்கொண்டு போனார்கள். கல்யாணமே ஆகாதவள் எப்படிச் சுமங்கலியாகச் சாவாள் என்று ஒருத்தியாவது கேட்டாள் என்று நினைக்கிறீர்களா? கேட்கவில்லை.

கல்யாணப் பேச்சும் வராமல் இல்லை. தூத்துக்குடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காப்பி குடித்த பிறகு மாப்பிள்ளையின் அம்மா, "இன்னொண்ணு இருக்குன்னாகளே, அதையும் ஒரு எட்டுப் பாத்துக்கிடுதோம்" என்றாள். ரோசலின்தான் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மாள் கட்டில் பக்கத்தில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "இதுல்லா அடக்கமா இருக்கு" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு செண்பகவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். ரோசலின் கேட்ட வரையில் அதுதான் அவளுடைய கடைசிச் சிரிப்பு.

பயம் என்ற ஒன்று அதன் பிறகுதான் ரோசலினுக்குள் வந்து குடியேறியது. வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் தலையையும் அவள்தான் வாரினாள், அதனால் மற்றவர்களுக்குத் தெரியாதது அவள் விரல்களுக்குத் தெரிந்தது. படுத்திருப்பதின் முடி வளர்ந்துகொண்டிருந்தது, ஒரு படத்துக்கு ஒரு சாண். செண்பகவல்லியின் முடி நின்றுபோயிருந்தது. ஏழாவது சாவுக்குப் பிறகு செண்பகவல்லியின் பிடரியில் இருந்த மச்சம் காணாமல் போய், படுத்திருப்பதின் பிடரியில் அதே இடத்தில் வந்திருந்தது. பத்தாவது சாவுக்குப் பிறகு செண்பகவல்லிக்கு வியர்ப்பது நின்றுவிட்டது. பின்கட்டு அறைக் கட்டிலில் தலையணை உறை நனைந்திருந்தது. முடி கொட்டி மெலிந்துபோன செண்பகவல்லிக்குக் கொண்டை போடச் சவுரி தேவைப்பட்டபோது, கடைச் சவுரி நிறம் சேரவில்லை என்று நாயுடு சொல்ல, ரோசலின் படுத்திருப்பதின் தலையிலிருந்தே ஒரு கற்றையை வெட்டி எடுத்துச் சவுரி கட்டி இவளுக்கு வைத்தாள். கச்சிதமாகச் சேர்ந்தது. அந்தச் சவுரியைப் பின்னிவிட்ட நாளெல்லாம் ரோசலின் அருள் நிறைந்த மரியே என்ற ஜெபத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வேறு வேறு வார்த்தையில் ஜனங்களும் அதையேதான் சொன்னார்கள். நீலரேகா நடக்கிற, பேசுகிற காட்சிகளில் தியேட்டரில் ஆட்கள் முறுக்கு வாங்க எழுந்து போனார்கள். பாடை வந்ததும் ஓடிவந்து உட்கார்ந்தார்கள். 'இருக்கிற நீலரேகாவைவிடச் செத்த நீலரேகா நன்றாக நடிக்கிறார்' என்று ஒரு வாரப் பத்திரிகை எழுதியது. அடுத்த வருடம் அவளை உயிரோடு நடிக்கக் கூப்பிட்ட படங்கள் இரண்டு, அதைக் கூப்பிட்ட படங்கள் ஒன்பது. செண்பகவல்லி கண்ணாடி முன் உட்கார்ந்து சிரித்துப் பார்ப்பாள். உதடு விரியும், பல் தெரியும், சத்தம் வராது. "உள்ள கெணறு வத்துன மாரி இருக்குக்கா" என்பாள். "என் சிரிப்ப எடுத்துருங்கன்னு கேக்கேன், ஆளாளுக்குச் சிரிக்கானுவ."

எத்தனை டைரக்டர்களிடம் கெஞ்சியிருப்பாள். திருவேங்கடத்தின் காலிலேயே விழுந்தாள். அவர் பதறிப்போய், "நீ கேட்டு இல்லேன்னு சொல்வேனாம்மா, இந்த ஒரு படம் போகட்டும்" என்றார். அதையே நான்கு படமாகச் சொன்னார். ஒருநாள் அவளே காசு கொடுத்து ஒரு கேமராவைக் கொண்டுவரச் சொல்லிவிட்டாள். கேமராமேன் வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு, "டைரக்டர் ஆக்‌ஷன் சொல்லாம எடுத்தா அது வெறும் சிரிப்பும்மா, எமன் ஒத்துக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பில்லை, வழக்கம் அப்படித்தான்.

கடைசியில் ஒருவன் வந்தான். இளமாறன் என்று பெயர், பிலிம் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவன், முதல் படம். கதையைச் சொல்ல வந்தவனிடம் அவள் தன் கதையைச் சொன்னாள். அவன் கண் கலங்கிவிட்டான். "இத்தனை வருஷம் இவ்வளவு பேர் இருந்து ஒரு ஷாட் எடுக்க முடியலையா? நான் எடுக்கிறேன்மா. படம் ஓடாட்டியும் பரவாயில்ல" என்றான். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாதவன். அன்றைக்குச் செண்பகவல்லி இரண்டு தோசை சாப்பிட்டாள், ரோசலின் வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

சாவு ஷாட் வந்த நாளில் சிக்கல் ஒன்று முளைத்தது. யார் செத்தாரோ அவர்தான் சிரிக்க வேண்டும், படுத்து நடித்தது அதுவாக இருந்தால் அம்மா சிரித்து என்ன பிரயோஜனம் என்று கேமராமேன் கேட்டார். நியாயமான கேள்வி. இளமாறன், "அப்ப அம்மாவே படுக்கட்டும்" என்றான். பதினொரு வருடத்துக்குப் பிறகு செண்பகவல்லி தானே சாக வேண்டும். அவள் ரோசலினைப் பார்த்தாள். "படுத்துருதேன். நீங்க பக்கத்துலயே இருங்கக்கா" என்றாள். அம்மாவுக்கு முடியாமல் போனால் கைவசம் இருக்கட்டும் என்று நாயுடு அதையும் வேனில் ஏற்றிக் கொண்டுவந்து, அதே நிறச் சேலை கட்டவைத்து, மேக்கப் ரூம் பெஞ்சில் கிடத்தியிருந்தார். அதன் முடி பெஞ்சிலிருந்து வழிந்து தரையில் கிடந்தது.

ரோசலின் மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், மூக்கில் பஞ்சு அடைத்தாள், கால் கட்டைவிரல்களைக் கட்டினாள். எப்போதும் தாடைக் கட்டைச் சும்மா சுற்றி ஒரு பின் குத்திவிடுவதுதான் வழக்கம், இழுத்தால் வந்துவிடும். இளமாறன் குனிந்து பார்த்துவிட்டு, "க்ளோஸப் வருதும்மா, நிஜ முடிச்சாப் போட்டுருங்க, இந்த ஷாட்ல ஒரு பொய்யும் இருக்கக் கூடாது" என்றான். ரோசலினும் அதையே நினைத்திருந்தாள். எந்தக் குறையும் இல்லாமல் இது நடக்க வேண்டும், எமன் வந்து பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றும் இருக்கக் கூடாது. மஞ்சள் எண்ணெயில் துணி வழுக்கியதால் தண்ணீரில் நனைத்து, இரட்டை முடிச்சாகப் போட்டு, இறுக்கினாள். செண்பகவல்லி வாய் திறக்க முடியாமல் கண்ணால் சிரித்தாள்.

ஆக்‌ஷன் என்றான் இளமாறன். கூடி நின்ற துணை நடிகைகள் ஒப்பாரி வைத்தார்கள், கேமரா ஓடியது, பாடையில் கிடந்தவள் மூச்சை அடக்கிக்கொண்டு அருமையாகச் செத்தாள். "கட்! கேமரா ஓடட்டும், நிறுத்தாதீங்க. அம்மா, எந்திரிச்சுச் சிரிங்க. ஆக்‌ஷன்!"

செண்பகவல்லியின் கைகள் மேலே வந்து முடிச்சைத் தேடின. கிடைத்தது, அவிழவில்லை. மறுபடி இழுத்தாள். எழப் பார்த்தாள், கட்டின கால் விட மாட்டேன் என்றது. ம்ம், ம்ம் என்று மூக்குப் பஞ்சுக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது, கண் ரோசலினைத் தேடியது. ரோசலின் ஓடினாள். போய்ப் பாடையின்மேல் கவிழ்ந்து நகத்தால் பிறாண்டினாள், பல்லால் கடித்தாள், ஈரத் துணி கல்லாக இறுகியிருந்தது. "பாப்பா, இரு பாப்பா, இதோ, இதோ வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போது அவள் பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. மேக்கப் ரூம் கதவிலிருந்து, முழங்கால் வரை முடி புரள, அதே சேலையில், அது அவசரமில்லாமல் நடந்து வந்தது. பாடையின் விளிம்பில், ரோசலினின் முதுகுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தது. லென்ஸை நேருக்கு நேர் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தது. தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வந்த பெண் முதல் படத்தில் சிரித்த சிரிப்பு, பல வருடமாக யாரும் கேட்காத சிரிப்பு.

"கட்! ஓகே!" என்று கத்திவிட்டு இளமாறன் அழுதேவிட்டான். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலுக்குள் ரோசலினின் விரலில் முடிச்சு அவிழ்ந்தது. துணியை விலக்கி அந்தத் தாடையைத் தொட்டாள். மண்பானைபோல் சில்லென்று இருந்தது.

"அது இல்ல சார்! பாப்பா இங்க இருக்கு! இன்னொரு தடவ எடுங்க, உங்க காலத் தொட்டுக் கேக்கிறேன் சார்!" என்று ரோசலின் கதறினாள். இளமாறன் இவளைப் பார்த்தான், படுத்திருந்தவளைப் பார்த்தான், எழுந்து நின்றவளைப் பார்த்தான். அவன் லென்ஸ் வழியாகப் பார்த்தது ஒன்றுதான்: பாடையில் ஒரு முதுகு மறைத்தது, அந்த முதுகை ஒட்டி நீலரேகா எழுந்து சிரித்தாள். எழுந்தவள் ரோசலினின் தோளில் கை வைத்தாள். "ரோசலின் அம்மா மிகவும் பயந்துவிட்டார்கள். யாராவது தண்ணீர் கொண்டுவாருங்கள்" என்றாள். பதினொரு வருடமாகத் தன் தலைமாட்டில் கதாநாயகர்கள் பேசின வசனத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகின சுத்தமான தமிழ். அந்தக் கை கதகதப்பாக இருந்தது. எல்லாருக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

நாயுடு ரோசலினைத் தனியாகக் கூப்பிட்டுப் போனார். அவர் முகம் வெளிறியிருந்தது, அவருக்குத் தெரிந்திருந்தது. "ரெண்டுல ஒண்ணு எந்திரிச்சாச்சு, ஒண்ணு சிரிச்சாச்சு. எது எதுன்னு தோண்டிக்கிட்டு இருந்தா சூட்டிங் நடக்குமா ரோசி? இன்னொரு தடவ எடுத்தா எது எந்திரிக்கும், எது படுக்கும்னு யாரு கண்டா?" என்றார். அப்புறம், "நல்லபடியா முடிஞ்சுதுன்னு வெச்சுக்க" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லிவிட்டு வேனுக்கு ஆள் கூப்பிடப் போனார்.

அந்தப் படமும் ஓடியது. எழுந்த நீலரேகாவை எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. சொன்ன நேரத்துக்கு வந்தாள், முகம் கோணாமல் பேசினாள், ஒரே டேக்கில் அழுதாள், ஒரே டேக்கில் சிரித்தாள். வெள்ளிக்கிழமைப் பெண்கள் வழக்கம்போல் வந்து குங்குமம் எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டிலில் கிடப்பது மாறிப்போனது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் குங்குமம் குங்குமம்தானே. தயாரிப்பாளர்கள் இருவரையும் சேர்த்தே ஒப்பந்தம் செய்தார்கள். பாடை ஷாட் முடிந்ததும், பழைய வழக்கப்படி, சிரிப்பை எடுக்கவில்லை.

ரோசலின் வேலையை விடவில்லை. விட்டால் பின்கட்டு அறைக்குள் போக வழி ஏது? எழுந்தவளுக்குத் தலை வாரி முடித்த பிறகு, எண்ணெய்க் கிண்ணத்தோடு அங்கே போய், கட்டிலில் கிடக்கிற தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். முதல் மாதம் அளந்து பார்த்தபோது முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. அன்றைக்கு அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். உள்ளே இருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல், பாப்பா உள்ளே இருக்கிறாள். அதன் பிறகு ரோசலின் வாரந்தோறும் அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். தூத்துக்குடி மாமியார் சொன்னதைச் சொன்னாள், நாயுடு ஜரிகையைத் தடவினதைச் சொன்னாள், தன் புருஷன் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குள் போய்ப் படுத்த கதையைச் சொன்னாள். கேமரா இல்லாத சிரிப்பு செல்லாது என்று தெரியும். செல்லாவிட்டாலும் ஒரே ஒரு சத்தம், ஒரு மூச்சு வந்தால் போதும் என்று இருந்தது.

எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் காலையில் ஷூட்டிங்கில், மேக்கப் ரூமில் எழுந்த நீலரேகாவோடு தனியாக இருந்தபோது ரோசலின் வாய் திறந்தாள். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்க்காமல், சீப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அம்மா, நீங்க சொன்னா டைரக்டர் கேப்பாரு. அவ சிரிப்ப ஒரு தடவ எடுக்கச் சொல்லுங்கம்மா. உங்கள ஒண்ணும் போகச் சொல்லல. ரெண்டு பேரும் இருங்க, அக்கா தங்கச்சி மாதிரி இருங்க. அவ உசுரோட இருக்காம்மா. அவளுக்குக் கேக்குது. அப்படி ஒரு ஜீவன மரக்கட்ட மாதிரிப் போட்டு வெக்கிறது பாவம்மா, அந்தக் கொடும எதிரிக்கும் வரக் கூடாது."

கண்ணாடி முன் இருந்தவள் திரும்பியபோது அந்தக் கண்கள் நிறைந்திருந்தன. வசனத் தமிழ் இல்லை. எட்டு மாதத்தில் முதன்முதலாகக் கோவில்பட்டிப் பேச்சு வந்தது, கொஞ்சம்கூடப் பிசகாமல் வந்தது.

"எனக்கும் கேட்டுச்சே ரோசக்கா. பதினோரு வருசம் கேட்டுச்சே. ஒங்க மடியிலதான் கெடந்தேன், ஒங்க கையால எண்ண வச்சீக, ஒங்க கையால முடிய அறுத்தீக. ஒருநாளாச்சும் என்னைய எழுப்புனீகளா?"

அறைக்கு வெளியே அசிஸ்டென்ட், ஷாட் ரெடி என்று குரல் கொடுத்தான். ரோசலின் பூச்சரத்தை எடுத்து அந்தத் தலையில் வைத்தாள். பின் இரண்டு முறை தவறிக் கீழே விழுந்தது, மூன்றாம் முறை சரியாகக் குத்தினாள்.